நைனாவின் மண்டைக்குள் நிறைந்த மண்

என் பாசமுள்ள நைனாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதைப் போன மாதம் நேரிலேயே பார்த்துவிட்டேன். இரண்டு கையாலும் உன் தலையைத் தூக்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாரமாக இருந்தது. உள்ளே மண்.

எடுத்த எடுப்பிலேயே இப்படியா எழுதுவது என்று இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். உனக்கு என் சுபாவம் தெரியும். நான் போன் செய்து மழை, வெயில், சாப்பாடு என்று இழுத்தால், "விஷயத்துக்கு வாடா" என்று நீதான் அதட்டுவாய். வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு நீ கட்டிலில் கிடந்த அந்த மாதங்களில், உனக்கு அம்மாவை அடையாளம் தெரிந்ததா? நீ போனதிலிருந்து அம்மா இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தாள். கடைசியில் என்னிடம் கேட்டாள். அதுவும் உன் மண்டையைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

என் வேலைதான் அவளுக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது. நீ இருந்தபோது நான் பெங்களூரில் ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்களுக்கு சாப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ஜெர்மனியில், ஏறக்குறைய அதே வேலை. ஆனால் இங்கே நோயாளிகள் இல்லை. நான் பார்க்கிற தலைகள் எல்லாம் செத்துப் பல லட்சம் வருஷம் ஆனவர்களுடையவை.

நைனா, மூளை நிற்காது. செத்தவுடன் முதலில் அழுகுவதே அதுதான். ஆனால் மனிதன் வளர்கிற காலமெல்லாம் அது உள்ளேயிருந்து எலும்பை அழுத்திக்கொண்டே இருக்கிறது. ரத்தக்குழாய்களும் எலும்பின் உள்பக்கத்தில் தடம் பதித்துவிடுகின்றன. அந்தக் குழிக்குள் எதையாவது வார்த்து எடுத்தால், மூளையின் வெளித்தோற்றம் ஓரளவு கையில் வந்துவிடும். உள்வார்ப்பு என்று வைத்துக்கொள். முன்பெல்லாம் ரப்பர் பாலை ஊற்றி, காயவிட்டு, கழுத்துப் பக்கத்து ஓட்டை வழியாக இழுத்து எடுத்தார்கள்.

இப்போது மண்டையைத் தொட வேண்டியதே இல்லை. ஸ்கேன் எடுத்தால் வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கியதுபோல ஆயிரக்கணக்கில் படங்கள் வரும். ஒவ்வொன்றிலும் எலும்பு எங்கே முடிகிறது, உள்ளே அடைத்துக்கொண்ட கல் எங்கே தொடங்குகிறது என்று நான் கோடு போட வேண்டும். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். சாம்பலுக்கும் சாம்பலுக்கும் நடுவில் நாள் பூராவும் கோடு போடுகிறவன் உன் மகன். இதற்கு விசா வேறு கொடுத்திருக்கிறார்கள்.

சில சமயம் பூமியே இந்த வேலையைச் செய்துவிடும். செத்தவனின் மண்டைக்குள் மண்ணும் சுண்ணாம்பும் இறங்கி, இறுகி, கல்லாகிவிடும். மேலே எலும்பு உடைந்து போனாலும் மூளை வடிவத்தில் ஒரு கல் நிற்கும். அப்படி ஒன்றை வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"இன்னாடா அது, காலிபிளவர் மாதிரி கீது?"

"மண்டைக்குள்ள மண்ணு பூந்து கல்லாப் போச்சும்மா. மூளை எந்த ஷேப்ல இருந்துச்சோ அதே ஷேப்."

"இத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

"மூளை எவ்ளோ பெருசு, எந்தப் பக்கம் புடைச்சிருக்கு, அவங்க பேசியிருப்பாங்களா, அதெல்லாம் ஆராய்ச்சி பண்ணுவோம்."

அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம், "உங்க நைனா தலைக்குள்ளயும் மண்ணு பூந்திருக்குமில்ல?" என்றாள். எனக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. "பூந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எதற்குக் கேட்கிறாள் என்று யோசிக்கவில்லை.

இங்கே உனக்கு ஊர்ச் செய்தி ஒன்று சொல்ல வேண்டும். நீ ஆசைப்பட்டபடி உன்னை இடுகாட்டில் வைக்காமல் நம் கழனி ஓரத்திலேயே வைத்தோம் அல்லவா? நம் வம்சத்தில் சொந்த மண்ணில் புதைக்கப்பட்ட முதல் ஆள் நீ. அதற்கு முன்னால் இருந்தவர்களுக்குச் சொந்த மண்ணே கிடையாது. அந்தக் கழனி வழியாகத்தான் இப்போது பெரிய சாலை வருகிறது. விஜயபுரம் மண்டல ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து அளந்து, கல் நட்டுவிட்டுப் போனார்கள். உன்னை எடுத்து ஏரிக்கரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எடுத்து வைப்பதற்கு நம் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. எலும்புகளை மஞ்சள் தண்ணீரில் கழுவி, பால் தெளித்து, புதுத் துணியில் முடிந்து கொண்டுபோக வேண்டும். தலையை மட்டும் ரத்த உறவுக்காரர்களோ கட்டினவளோதான் கழுவ வேண்டும். உள்ளே ஒரு பொட்டு மண் தங்கக் கூடாது. பழைய மண் பழைய குழிக்கே போய்விட வேண்டும்.

அம்மா அதற்குத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. மாமாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"மாப்ள, உங்கம்மா ஜேசிபிக்கு முன்னாடி சேரு போட்டு உக்காந்துகினு கீறா. தலையில கீற மண்ண யாரும் தொடக்கூடாதாம். எம்புள்ள வந்து பாத்து சொல்லுவான்றா. நீ இன்னாடா சொல்லி வச்ச இவகிட்ட?"

அம்மாவின் தம்பி என்ற பயம் மாமாவுக்கு எப்போதும் உண்டு. அக்காவை எதிர்த்து ஒரு கூடை மண்ணைக்கூட நகர்த்த மாட்டார். வேறு வழியில்லாமல் லீவு போட்டுவிட்டு வந்தேன். மீனம்பாக்கத்தில் இறங்கி, திருத்தணி தாண்டி, நகரி வழியாக நேரே கழனிக்கே போய்விட்டேன். அம்மா சொன்னபடிதான் இருந்தாள்: பிளாஸ்டிக் நாற்காலி, கையில் குடை. ஜேசிபி டிரைவர் என்னைப் பார்த்ததும் தெலுங்கில், "சார், கொஞ்செம் த்வரகா கானிவ்வண்டி" என்றான். சீக்கிரம் முடிக்கச் சொல்கிறான். அவனுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் உனக்கு எடுத்த ஸ்கேன் பிலிம் எங்கே என்று முதலில் அம்மாவிடம் கேட்டேன். அதில் மூளை பாதித்த இடமாவது தெரியும்.

"கிரகணம் பாக்கறதுக்குத் தெருவுல வாங்கிக்கினு போனாங்க. அப்புறம் எங்க போச்சோ."

உன் மூளையின் படத்தைக் கண்ணில் வைத்து ஊரே சூரியனைப் பார்த்திருக்கிறது நைனா. கோபப்படத்தான் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

மாமாதான் தோண்டினார். கடப்பாரையை ஓரமாகப் போட்டுவிட்டு, கடைசியில் கையாலேயே மண்ணைத் தள்ளினார். உன் தலையை எடுத்து, கீழ்வரிசையில் உடைந்த பல்லைத் தொட்டுப் பார்த்து, "மாமன்தான்" என்றார். பிறகு என் கையில் கொடுத்தார். உன் அக்கா, என் அத்தை, மஞ்சள் தண்ணீரும் பாலும் வெற்றிலையும் வைத்த தட்டோடு பக்கத்திலேயே நின்றாள்.

"குடுடா, கழுவணும். வெயிலு ஏறுது பாரு."

"அவன் பாக்கட்டும்" என்றாள் அம்மா.

பார்த்தேன். தலை வலப்பக்கம் சாய்ந்து கிடந்திருக்கிறது. அதனால் வலது பாதியில் வண்டல் கெட்டியாக அடைத்திருந்தது. இடது பாதியில் மேலாக இடைவெளி. பேச்சுக்கான இடம் பெரும்பாலோருக்கு இடது பக்கம்தான். உனக்கு மூளை பாதித்ததும் இடது பக்கம்தான். அந்தப் பக்கம் காலியாக இருப்பதை வைத்து யாராவது கவிதை எழுதக்கூடும். அதில் அர்த்தம் ஒன்றுமில்லை. மேலே இருந்த பக்கம் நிறையவில்லை, அவ்வளவுதான்.

உன் மண்டையை ஸ்கேன் எடுத்து, உள்வார்ப்பும் எடுத்தால் என்ன தெரியும்? மூளை எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, ரத்தக்குழாய் எந்த வழியாக ஓடியது, இவை தெரியும். நீ நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே எலும்பு உருவாகி முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் உள்ளே நடந்தது அதில் பதியவில்லை. உன் கடைசி வருஷம் உன் எலும்புக்குத் தெரியாது.

"தெரியுதாடா?"

"இல்லம்மா."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன். இதுல அது தெரியாது."

"லட்ச வருஷத்துக்கு முன்னாடி செத்தவன் பேசினானா இல்லியான்னு சொல்ற. உன்னப் பெத்தவரப் பத்தி சொல்ல முடியலியா?"

"அவங்களப் பத்தியும் உறுதியா சொல்ல முடியாதும்மா. பேசியிருக்கலாம்னுதான் சொல்லுவோம்."

"இருக்கலாம்னு சொல்றதுக்கா பிளேன் ஏறிப் போன?"

அத்தை சும்மா இருப்பாளா? "இருக்கலாம்னு நம்மூரு குறி சொல்றவளே சொல்லுவாளே. பத்து ரூபாயோட முடிஞ்சிருக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தை பக்கம் திரும்பிய என்னை அம்மாவின் குரல் நிறுத்தியது. அவள் குடையை மடக்கிக் கீழே போட்டிருந்தாள்.

"அவரு என்னப் பாத்து சிரிக்கிறாரா, சொம்மா சிரிக்கிறாரான்னு தெரியாமலே சோறு ஊட்டினேன்டா. ஆட்டுக்குட்டியப் பாத்தாலும் அதே சிரிப்பு. யாரோ ஒரு பொம்பள வந்து ஊட்டுதுன்னு நெனச்சாரோ இன்னாவோ. அது ஒண்ணு தெரிஞ்சா போதும். அப்புறம் எங்க வேணா கொண்டும்போய் வையுங்க."

அந்தச் சிரிப்பு எனக்கும் தெரியும். லீவில் வந்து உன் எதிரில் நிற்கும்போதெல்லாம் எனக்கும் கிடைத்தது. எனக்கா, என் பின்னால் இருந்த சுவருக்கா என்று நானும் யோசித்திருக்கிறேன்.

எங்கள் லேபில் மண்டை பதில் சொல்லாதபோது ஒன்று செய்வோம். அது கிடைத்த இடத்தில் வேறு என்ன கிடைத்தது என்று கேட்போம். கல்லை எப்படி உடைத்திருக்கிறான், எந்தப் பக்கத்திலிருந்து தட்டியிருக்கிறான், எதற்காகத் தட்டியிருக்கிறான். தலைக்குள் இருந்தது கொஞ்சமாவது கையால் செய்ததில் இருக்கும். உன் தலையை மாமாவிடம் கொடுத்துவிட்டு அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் குந்தினேன்.

"நைனாவுக்கு இடது கை நல்லாத்தானே இருந்துச்சு? அந்தக் கை இன்னா செய்யும்? ஒவ்வொண்ணா சொல்லு."

"இன்னாத்த செய்யும். ஈ ஓட்டும். பேனப் போடச் சொல்லி மேல காட்டும். போர்வைய இஸ்துக்கும்."

"அப்புறம்?"

"வெத்தல குடுத்தா காம்பு கிள்ளித் தருவாரு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அம்மாவின் வலது கட்டைவிரல் எனக்குத் தெரியும். நான் சின்னவனாக இருந்தபோது ஒரு அறுப்பில் அரிவாள் பட்டு, விரல் நுனியோடு நகமும் போய்விட்டது. அதற்கப்புறம் அவளால் காம்பு கிள்ள முடியாது. நீ கிள்ளிக் கொடுப்பாய். ஆனால் கட்டிலில் விழுந்த பிறகும் நீ அதைச் செய்தாய் என்பது எனக்குப் புதிது.

"ஒரு கையால எப்படிம்மா கிள்ளுவாரு?"

அம்மா செய்து காட்டினாள். வெற்றிலையை மார்மேல் வைத்து, வராத வலது கையை இடது கையால் தூக்கி அதன்மேல் பாரமாகப் போட்டு, அசையாமல் ஆனதும் இடது நகத்தால் காம்பைக் கிள்ளி, இலையை அவள் பக்கம் நீட்டுவாயாம்.

"இத்த ஏன் இவ்ளோ நாளா சொல்லல?"

"இது இன்னாடா சொல்றதுக்கு? கைப் பழக்கம். மாடு தானா கொட்டாய்க்குப் போயிடுது இல்ல, அது மாதிரி."

அவள் சொன்னதில் தப்பில்லை. பழக்கம் என்பது தலைக்குள் வேறு இடத்தில் இருக்கிறது. யாருக்குச் செய்கிறோம் என்று தெரியாமலே கை பாட்டுக்குச் செய்யலாம். பழக்கமா, அறிவா என்று பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"வேற யாருக்காவது கிள்ளிக் குடுத்தாரா?"

"வேற யாரு கேட்டாங்க?"

அத்தை தட்டை டங்கென்று தரையில் வைத்தாள். மஞ்சள் தண்ணீர் என் பேன்ட்டில் தெறித்தது.

"நான் கேட்டேன்டா!"

எல்லாரும் அவளையே பார்த்தோம்.

"பொங்கலுக்கு வந்து பக்கத்துல உக்காந்து, இவளுக்குக் கிள்ளித் தரானே, நமக்கும் தருவான்னு வெத்தலய நீட்டினேன். வாங்கினான். வெத்தலயப் பாத்தான். என்னப் பாத்தான். காம்போட அப்படியே என் கையில வச்சிட்டான். ஒரு தபா இல்ல, வரும்போதெல்லாம். கூடப் பொறந்தவ நானு, தூக்கி வளத்தவ. நான் இன்னா வேத்து ஆளா?"

"ஏன் அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள் அம்மா.

"செத்தவன் மேல கோவமா கீறேன்னு சொன்னா ஊரு சிரிக்காது?"

நைனா, இப்படி ஒரு சாட்சி கிடைக்காதா என்று எங்கள் லேப் ஆட்கள் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறார்கள். அதே கை, அதே வெற்றிலை, அதே கட்டில். ஆள் மட்டும் வேறு, செயலும் வேறு. வெறும் பழக்கம் என்றால் அக்காவுக்கும் கிள்ளியிருக்கும். யார் கட்டைவிரலில் நகம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்த ஒருவன் உள்ளே இருந்திருக்கிறான். அத்தையிடம் காம்போடு திருப்பிக் கொடுத்தபோது உனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்ததா? அதை எந்த வார்ப்பிலும் எடுக்க முடியாது.

நான் அம்மாவிடம் சொன்னேன்: "ஆள் பாத்துதான் செஞ்சிருக்காரு. அவருக்கு உன்னத் தெரிஞ்சிருக்கும்மா. உன் கட்டைவிரல் வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சிருக்கலாமா?"

"இல்லம்மா. தெரிஞ்சிருக்கு."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கீழே கிடந்த குடையை எடுத்து நாற்காலியில் மாட்டினாள். திடீரென்று அவள் முகம் மாறியது.

"அடப்பாவி, அப்போ நான் திட்டினது?"

"இன்னா திட்டின?"

"துணி மாத்தும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்டா. இவருக்கு எங்க புரியப்போவுதுன்னு. இவரு வம்சத்தையே இஸ்து வச்சித் திட்டுவேன்."

"என்னையுமா?" என்றாள் அத்தை.

"உன்னத்தான் மொதல்ல."

மாமா உன் தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அத்தைக்கு முறைப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அத்தினியும் கேட்டுக்கினா கெடந்தாரு?"

"எல்லாமே புரிஞ்சிருக்கும்னு சொல்ல முடியாது. நிறைய புரிஞ்சிருக்கும்."

"ஒரு வார்த்த திருப்பிச் சொல்லாம கெடந்தாரே மனுசன்."

"சொல்ல முடியலம்மா."

"முடிஞ்சிருந்தா மாமன் விட்டிருப்பாரா?" என்றார் மாமா.

அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். அப்புறம் அவளே தரையில் உட்கார்ந்து, மாமாவிடமிருந்து உன் தலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஊத்து அண்ணி" என்றாள். அத்தை ஊற்ற ஊற்ற, கீழ் ஓட்டைக்குள் விரலை விட்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள்.

மண் கட்டி கட்டியாக வந்தது. ஒரு கட்டியின் மேல் நூல் போல ஒரு மேடு ஓடி இரண்டாகக் கிளை பிரிந்திருந்தது. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, உன் ரத்தக்குழாய் போன வழி. திரையில் எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே உன்னிடம் என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன். அந்தத் தண்ணீரை மாமா பழைய குழியிலேயே ஊற்றினார். மத்தியானத்துக்குள் உன்னை ஏரிக்கரையில் வைத்துவிட்டோம். அதற்கப்புறம் டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

நான் திரும்பி வந்து வேலையில் சேர்ந்துவிட்டேன். அம்மா இப்போதெல்லாம் ஏரிக்கரைக்கு வந்து உன்னிடம் பேசுகிறாளாம். நேற்றுப் போனில் ஒரு குறை சொன்னாள்: "திட்டினாலும் கேட்டுக்கினு கீறாருன்னு இப்ப தெரிஞ்சிபோச்சா, திட்டவே வாய் வரமாட்டேங்குது. திட்டாம என்னால இருக்கவும் முடியலடா."

நீ கேட்பாய் என்று நான் நம்பவில்லை நைனா. அம்மாவிடம் அதைச் சொல்லவுமில்லை. ஆனால் ஒன்று செய்ய முடியும். அந்தத் திட்டை எல்லாம் என் பக்கம் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். மீட்டிங் இருந்தாலும் போனை வைக்க மாட்டேன். ஊமையாகவும் கேட்க மாட்டேன்; அவள் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். அவள் கத்தட்டும், நானும் கத்துகிறேன். அவள் பேச்சுக்குப் பதில் இல்லாமல் இனி ஒரு நாளும் போகாது. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும்
உன் மூத்த மகன்,
குமரேசன்